பொம்மை மட்டும் போதுமா?

(சிறார் இல்லங்களில் விளையாட்டுவழிக் கல்வி குறித்துத் தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றப்பட்ட உரை)



தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே நம் நாட்டுச் சிறார் இல்லங்களின் வாசலில் வாகனங்கள் நிற்கத் தொடங்கிவிடும். ஒரே நிறச் சட்டை அணிந்த முப்பது நாற்பது பேர் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள். பதாகை கட்டப்படும். வண்ணம் தீட்டும் போட்டி நடக்கும், பலூன் உடைப்பார்கள், நாற்காலியைச் சுற்றி ஓடுவார்கள், ஒரு கோமாளியும் வருவார். பிறகு உரைகள். அதற்கும் பிறகு, ஆளுயர மாதிரிக் காசோலையை இருபுறமும் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். மதிய உணவு முடிந்து இரண்டு மணிக்கெல்லாம் பஸ் கிளம்பிவிடும். அடுத்த சனிக்கிழமை வேறு நிறச் சட்டைக்காரர்கள் வருவார்கள்.

இப்போதெல்லாம் இந்நிகழ்ச்சிகளுக்கு 'விளையாட்டுவழிக் கற்றல் பட்டறை' என்று பெயர் சூட்டுகிறார்கள். பெயர் நல்ல பெயர்தான். வருகிறவர்களின் மனமும் நல்ல மனம்தான். கோமாளி வந்த நாளில் பிள்ளைகள் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பில் பொய்யில்லை. ஆனால் பண்டிகை முடிந்த மறுமாதம் அதே இல்லத்திற்குப் போய்ப் பாருங்கள். பாதிப் பொம்மைகளுக்குக் கையோ காலோ இருக்காது. மீதிப் பொம்மைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். வெளியே எடுத்தால் சண்டை வரும் என்று பொறுப்பாளர் பயப்படுகிறார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு.

இல்லத்திற்குப் போய் வருகிறவர்கள் இன்னொன்றையும் சொல்லி வியப்பார்கள். "அந்த மூணு வயசுப் பிள்ளை எப்படி ஒட்டிக்கிச்சு தெரியுமா? பார்த்த அஞ்சாவது நிமிஷம் மடியில வந்து உட்கார்ந்திடுச்சு!" பாசமுள்ள பிள்ளை என்று பாராட்டுகிறோம். நம் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை என்ன செய்யும்? புது ஆள் வந்தால் அம்மாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். பத்து நிமிடம் எட்டி எட்டிப் பார்த்த பிறகுதான் கிட்டே வரும். முன்பின் தெரியாத எவர் மடியிலும் தயக்கமின்றி ஏறும் பழக்கத்தை, இல்லங்களில் வளரும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் கவலைக்குரிய அறிகுறியாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். 'இவர்தான் எனக்கு உரியவர்' என்று ஒருவரைப் பற்றிக்கொள்ளும் வாய்ப்புக் கிடைக்காத பிள்ளை, எல்லாரையும் பற்றிக்கொள்ளப் பார்க்கிறது.

இதற்கும் விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். "விளையாடினது போதும், போய்ப் படி" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. ஆனால் பள்ளிக்குப் போகாத வயதில் குழந்தைக்கு விளையாட்டைத் தவிர வேறு பாடநூல் கிடையாது. கண்ணாமூச்சியை எடுத்துக்கொள்வோம். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். எட்டு மாதக் குழந்தை திகைத்துப் பார்க்கிறது. முந்தானை விலகுகிறது. அம்மா அங்கேயே இருக்கிறாள். குழந்தை கலகலவென்று சிரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள் இல்லாமலே போய்விடுவதில்லை என்ற பெரிய பாடத்தை அது இருபது முறை, முப்பது முறை சோதித்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இதற்குப் பொம்மை வேண்டாம், காசு வேண்டாம். மறைந்த முகம் எதுவோ, அதே முகம் திரும்பி வர வேண்டும். ஒரு முகம் மறைந்து, வேறொரு முகம் வந்தால் அது கண்ணாமூச்சி ஆகாது. மூன்று வேளைப் பணிமுறை நடக்கும் இல்லத்துக் குழந்தைக்கு அப்படித்தான் முகங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சொங்காக்கும் ஏறக்குறைய ஒரே குடும்பம். சொங்காக் பலகையில் ஆளுக்கு ஏழு குழி, ஓரத்தில் ஆளுக்கு ஒரு வீடு. குழிக்கு ஏழு காய் போட்டால் மொத்தம் 98 காய். எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கடைசிக் காய் தன் வீட்டில் விழும் என்று ஆறேழு வயதுப் பிள்ளை விரலை மடக்கி எண்ணிப் பார்க்கிறது. கூட்டலும் கழித்தலும் பொறுமையும் அங்கே ஒன்றாக நடக்கின்றன. தோற்றால் காயை வாரி எறியக்கூடாது என்பதும் அதில் ஒரு பாடம்தான். ஆனால் எதிரே ஒருவர் உட்கார வேண்டும். "ஏம்மா, போன வாரம் நீ இந்தக் குழியில எடுத்துத்தான தோத்த?" என்று கேட்க, போன வாரமும் உட்கார்ந்திருந்த ஒருவர் வேண்டும்.

குடும்பத்தில் இவையெல்லாம் திட்டமில்லாமல் நடந்துவிடுகின்றன. இரண்டு வயதுப் பையன் அடுக்களையில் சட்டி மூடியைத் தட்டுகிறான். "வந்துட்டாருய்யா மேளக்காரர்!" என்கிறாள் பாட்டி. அவன் இன்னும் பலமாகத் தட்டுகிறான். ஒலி, தாளம், ஒரு புதுச் சொல், தன் செயலுக்கு ஒரு பதில் எல்லாம் அரை நிமிடத்தில் கிடைத்துவிடுகின்றன. நாற்பது பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் அந்த மூடி பூட்டிய சமையலறைக்குள் இருக்கிறது. எடுத்துத் தட்டினாலும் பதில் சொல்லப் பாட்டி இல்லை. பராமரிப்பாளரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு சிறு பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்து உடுத்திவிடப் பத்து நிமிடம் என்றால், அதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் போய்விடும். பிறகு அவர் எங்கே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடுவது?

இது ஊகமன்று. எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகப் பல நாடுகளில் கண்டறியப்பட்ட செய்தி. முதல் வியப்பு அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், 1930களில் நேர்ந்தது. அங்கே டேவன்போர்ட் என்ற ஊரில் அரசு நடத்திய அனாதை இல்லம் ஒன்று இருந்தது. கைக்குழந்தைகளின் கட்டில்களைச் சுற்றித் துணி கட்டியிருப்பார்கள். குழந்தைக்குத் தெரிவது துணியும் கூரையும்தான். வளர்ந்த பிள்ளைகளுக்கு முப்பது முப்பத்தைந்து பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். அங்கிருந்த இரண்டு பெண் குழந்தைகள், ஒன்றுக்கு 13 மாதம், மற்றொன்றுக்கு 16 மாதம், மிகவும் பின்தங்கியிருந்தன. இவை தேறா என்று முடிவு கட்டி, மனவளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து ஹெரால்டு ஸ்கீல்ஸ் என்ற உளவியலாளர் அவ்விடுதிக்குப் போனார். இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டு தளர்நடை போட்டுத் திரிந்தன. அதே குழந்தைகள்தாம் என்று நம்புவதற்கே அவருக்கு நேரம் பிடித்தது.

மருந்து ஒன்றும் கொடுக்கப்படவில்லை. அந்த விடுதியில் இருந்த பெண்கள், ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் மனவளர்ச்சி உடையவர்கள், இந்தக் குழந்தைகளைத் தங்கள் குழந்தைகளாக ஆக்கிக்கொண்டார்கள். நாள் முழுதும் தூக்கி வைத்துக்கொண்டார்கள், விளையாடினார்கள். விடுதிப் பணியாளர்கள் தங்கள் விடுமுறை நாளில் குழந்தைகளைக் காரில் வெளியே கூட்டிப் போனார்கள், படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்கீல்ஸ் இதைப் பார்த்துவிட்டு மேலும் குழந்தைகளை இதேபோல் அனுப்ப ஏற்பாடு செய்தார். மொத்தம் 13 குழந்தைகள். எங்கள் பிரிவுக் குழந்தை முதலில் நடக்கிறதா, உங்கள் பிரிவுக் குழந்தை முதலில் பேசுகிறதா என்று பிரிவுகளுக்குள் போட்டியே நடந்ததாம். அனாதை இல்லத்திலேயே தங்கிய 12 குழந்தைகளோடு ஒப்பிட்டு 1939ல் அவர் வெளியிட்ட முடிவைப் பலர் நம்பவில்லை. குழந்தைகளின் எண்ணிக்கை குறைவு, ஆய்வு முறை சரியில்லை என்று கடுமையாகத் தாக்கினார்கள். எண்ணிக்கை குறைவு என்பது உண்மைதான். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்த 25 பேரையும் தேடிப் பிடித்து, 1966ல் ஸ்கீல்ஸ் மீண்டும் எழுதினார். விளையாட ஆள் கிடைத்த 13 பேரில் பெரும்பாலோர் பின்னர் தத்தெடுக்கப்பட்டிருந்தார்கள். 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். இல்லத்தில் தங்கிய 12 பேரில் நால்வர் அப்போதும் ஏதோ ஒரு விடுதியில்தான் இருந்தார்கள். பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பைக்கூடத் தாண்டவில்லை.

அந்தப் பெண்களுக்கு யாரும் பட்டறை நடத்தவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ருமேனியாவில் இதே கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்தது. அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966ல் கருக்கலைப்பைத் தடை செய்தார். மக்கள் தொகையைப் பெருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வளர்க்க வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே இருந்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்துத் திடுக்கிட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புகாரெஸ்ட்டில் ஆறு இல்லங்களிலிருந்து 136 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். கைக்குழந்தைகள் இருந்த கூடங்களுக்குள் நுழைந்தபோது தங்களைத் தாக்கியது அங்கிருந்த அமைதி என்று அவர்கள் பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அத்தனை குழந்தைகள் இருந்தும் அழுகைச் சத்தம் இல்லை. அழுதால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துகொண்ட குழந்தை எதற்காக அழும்?

நான்கரை வயதில் நுண்ணறிவுச் சோதனை நடத்தப்பட்டது. இல்லத்தில் தங்க நேர்ந்த குழுவின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழுவின் சராசரி 81. பிறந்த நாள் முதல் சொந்தக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளின் சராசரி 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். ருமேனியா 2004ல் கொண்டுவந்த சட்டம், கடும் உடற்குறை உள்ளவர்கள் நீங்கலாக, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இல்லத்தில் சேர்க்கக்கூடாது என்று விதித்தது.

ஆகவே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நல்ல விளையாட்டுப் பட்டறையும் ஒரு குடும்பத்துக்கு ஈடாகாது. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. நம் ஊரிலும் 'அனாதைப் பிள்ளை' என்று நாம் சொல்லும் பிள்ளைக்கு எங்கோ ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அம்மா இருக்கலாம். ஆனாலும் இன்றிரவு அந்தப் பிள்ளை தூங்கப் போவது இல்லத்தில்தான். அந்த இல்லத்துக்குள்ளேயே ஏதாவது செய்ய முடியுமா?

முடியும் என்று காட்டியது ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். பட்டறை நடத்துகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. அங்கிருந்த மூன்று குழந்தை இல்லங்களில் ரஷ்ய ஆய்வாளர்களும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தி, 2008ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்கு முன்பிருந்த நிலை என்னவென்றால், ஒரு குழந்தை இரண்டு வயதை எட்டுவதற்குள் அறுபது முதல் நூறு பராமரிப்பாளர்களின் கைகளில் மாறி மாறி வளர்ந்தது. உணவு இருந்தது, மருத்துவம் இருந்தது, பொம்மைகளும் இருந்தன.

ஓர் இல்லத்தில் எதையும் மாற்றவில்லை. இரண்டாம் இல்லத்தில் பணியாளர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள்: குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, குழந்தை தொடங்குவதற்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று. மூன்றாம் இல்லத்தில் அதே பயிற்சியோடு வேலை ஏற்பாட்டையும் மாற்றினார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை ஆறேழு பேராகக் குறைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இவர்கள்தாம் முதன்மைப் பராமரிப்பாளர்கள் என்று குறித்தார்கள். வயது ஏற ஏறக் குழந்தைகளை வேறு அறைக்கு மாற்றுவதை நிறுத்தினார்கள். காலையில் ஒரு மணி நேரம், பிற்பகலில் ஒரு மணி நேரம் 'குடும்ப நேரம்'. அப்போது வெளியார் வரக்கூடாது. பராமரிப்பாளர் தம் குழந்தைகளோடு மட்டும் இருக்க வேண்டும்.

பயிற்சி மட்டும் பெற்ற இல்லத்தில் முன்னேற்றம் ஏற்பட்டது, ஆனால் அளவாகத்தான். பயிற்சியும் மாற்றமும் சேர்ந்த இல்லத்திலோ குழந்தைகளின் பேச்சும் விளையாட்டும் அறிவும் வேகமாக வளர்ந்தன. அங்கே உடற்குறையுள்ள குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களும் முன்னேறினார்கள். இன்னொன்றும் நடந்தது. உணவில் எந்த மாற்றமும் செய்யாமலே அந்தக் குழந்தைகளின் உயரமும் எடையும் கூடின. 'மனம் நிறைந்தால் உடம்பு தேறும்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அங்கே அளவுகோல் வைத்து அளந்தார்கள் எனலாம்.

வெளியார் வரக்கூடாத ஒரு மணி நேரம் என்பதை மட்டும் இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். நாம் நம் வருகையைத்தான் பிள்ளைகளுக்கு அளிக்கும் பெரிய பரிசாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இதை இன்னும் முன்னதாகவே கண்டுகொண்ட ஓர் அம்மையார் இருந்தார். பெயர் எம்மி பிக்ளர், குழந்தை மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடம், 1946ல், லோசி தெருவில் தாய் தந்தையற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லத்தை ஏற்று நடத்தத் தொடங்கினார். 2011ஆம் ஆண்டு வரை குழந்தைகள் அங்கே தங்கி வளர்ந்தார்கள். அவருடைய வழி எளிமையானது. குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் ஊட்டுவதும் முடித்துத் தள்ள வேண்டிய வேலைகள் அல்ல, அவைதாம் குழந்தையோடு உறவாடும் நேரம் என்றார். "இப்போது சட்டை போடப் போகிறேன், கையைக் கொடு" என்று மூன்று மாதக் குழந்தையிடமும் சொல்வார்கள். சொல்லிவிட்டு, அது கையை அசைக்கும் வரை காத்திருப்பார்கள். இப்படிக் கவனிப்புக் கிடைத்த குழந்தை பிறகு நிம்மதியாகத் தானே விளையாடும். அந்த நேரத்தில் பெரியவர்கள் குறுக்கிடக்கூடாது. உட்காரத் தெரியாத குழந்தையை உட்கார வைக்கவும் மாட்டார்கள், தானாக வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அங்கே குழந்தைக்குத் தரும் முதல் விளையாட்டுப் பொருள் என்ன தெரியுமா? ஒரு பருத்திக் கைக்குட்டை. கூம்பு போல நிற்க வைத்துப் பக்கத்தில் வைப்பார்கள். பிடிக்கலாம், கசக்கலாம், வாயில் வைக்கலாம், முகத்தில் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் காயம் வராது. விலை உயர்ந்த பொம்மைக் கடைகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

இந்த ஐரோப்பியக் கதைகளெல்லாம் கைக்குழந்தைகளைப் பற்றியவை. நம் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். இருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன.

ஒரு கழகமோ கோயில் இளைஞர் பிரிவோ கல்லூரி மாணவர் குழுவோ விளையாட்டுவழிப் பட்டறை நடத்த விரும்பினால், நாற்பது பேர் ஒரு நாள் போவதைவிட நான்கு பேர் நாற்பது வாரம் போவது மேல். அதே நான்கு பேர், அதே கிழமை, அதே நேரம். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன்" என்று சொன்னால் நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டிவிட்டு வர வேண்டும். இது சிறு விஷயமாகத் தெரியும். கண்ணாமூச்சியில் முந்தானை விலகுவதும் சிறு விஷயம்தான்.

நாற்பது பிள்ளைகளையும் கூடத்தில் உட்கார வைத்து ஒலிபெருக்கியில் விளையாட்டுக் காட்டுவது வேண்டாம். ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள் போதும். அஞ்சாங்கல், பல்லாங்குழி, பாண்டி, தாயம் ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் ரப்பர் கொட்டையை வைத்து ஆடிய ஆட்டங்களை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பெரியவர்களையே அழைத்து வரலாம். அவர்களுக்கும் பொழுது போகும். கடை வைத்து விளையாடச் சொன்னால், வாசிக்கத் திணறும் பத்து வயதுப் பையன் விலைப்பட்டியல் எழுதிவிடுகிறான். "ரெண்டு ரிங்கிட் நாற்பது காசு, அஞ்சு ரிங்கிட் கொடுத்தா மிச்சம் எவ்வளவு?" என்று அவனே கேட்கிறான். அதைப் பயிற்சி நூலில் கொடுத்திருந்தால் பென்சிலைக் கீழே போட்டிருப்பான்.

பெயர் எழுதிய ஒரு சிறு பெட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். இல்லத்தில் சட்டை பொது, சோப்பு பொது, கவனமும் பொது. தான் கட்டிய வீட்டை, தான் வரைந்த படத்தை அடுத்த வாரம் வரை வைத்திருக்க ஓர் இடம் இருந்தால்தான், விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். தொடர்ச்சி இல்லாத விளையாட்டில் கற்பது குறைவு.

அதைவிட முக்கியம், பட்டறையைப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்தாமல், அங்கே வேலை பார்க்கும் அக்காமாருக்கும் நடத்துவது. நாம் வாரத்தில் இரண்டு மணி நேரம் இருக்கப் போகிறோம். மற்ற நேரம் முழுதும் பிள்ளைகளோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்கு விளையாடத் தெரியாது என்பதல்ல குறை. அவர்களுக்கு நேரமில்லை. வாரம் தவறாமல் போக முடியாத நிறுவனங்கள் இங்கேதான் பெரிய உதவி செய்யலாம். இன்னொரு பராமரிப்பாளரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம். துணி துவைக்கும் இயந்திரம் வாங்கித் தரலாம். மாதம் ஒரு ஞாயிறு நாற்பது பேர் போய்ப் பாத்திரம் கழுவி, கூடம் பெருக்கி, சமைத்து வைத்துவிட்டு, அக்காவைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆட விடலாம். பாத்திரம் கழுவும் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்ப முடியாதுதான்.

தாயோ தந்தையோ இருக்கும் பிள்ளைகளுக்கு, அவர்களையே விளையாட அழைக்கலாம். மாதம் ஒரு முறை வந்து போகப் பஸ் கட்டணம் இல்லாததால் வராத அம்மாமார் உண்டு. பொம்மைக்குச் செலவிடும் தொகையில் அந்தக் கட்டணத்தைக் கொடுத்தால், பிள்ளைக்குக் கிடைப்பது எந்தக் கடையிலும் இல்லாதது.

ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை விளையாடுவதை ஓர் உரிமையாகவே 31ஆவது பிரிவில் குறித்திருக்கிறது. மலேசியா 1995லும் அதே ஆண்டில் சிங்கப்பூரும் அதில் இணைந்தன. இல்லங்களைப் பார்வையிடப் போகிறவர்கள் கட்டில், கழிவறை, சமையலறை ஆகியவற்றைப் பார்ப்பதோடு, "இங்கே பிள்ளைகள் யாரோடு விளையாடுகிறார்கள்?" என்றும் கேட்டால் நல்லது. எதை வைத்து விளையாடுகிறார்கள் என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம்.

கடைசியாக, பலர் மனத்தில் எழும் ஒரு கேள்வி. ருமேனியக் கணக்கைப் பார்த்தால் இரண்டு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடுவதுபோல் இருக்கிறதே, எட்டு வயதில், பத்து வயதில் இல்லத்துக்கு வந்த பிள்ளைக்கு இனி விளையாட்டு என்ன செய்யும்? காலம் கடந்துவிட்டதா?

அதற்குப் பதில் ஐயோவாவிலேயே இருக்கிறது. அனாதை இல்லத்தில் தங்கிவிட்ட 12 பேரில் பெரும்பாலோர் வாழ்க்கை சோர்ந்து போனது என்று சொன்னோம். ஒருவர் மட்டும் விதிவிலக்கு. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் பள்ளி வயதில் காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்த பிள்ளைகளிலேயே வயதில் சிறியவர்களில் ஒருவர், பார்க்க வர உறவினர் யாரும் கிடையாது என்பதால், விடுதி மேற்பார்வையாளரான ஓர் அம்மாவுக்கு அந்தப் பையன்மேல் தனிப் பிரியம் ஏற்பட்டது. தம் மகள் வீட்டுக்கு விருந்தாளியாக அனுப்பி வைப்பார். மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் இவனுக்கும் போக ஒரு வீடு இருந்தது. அந்தப் பையன் பள்ளியை முடித்தான், தொழில் கற்றான், திருமணம் செய்துகொண்டான், சொந்த வீடு வாங்கினான். ஸ்கீல்ஸ் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் அச்சுக் கோப்பவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.